எல்லாருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டர்

புது ஸ்கேனர் வந்து இறங்கியதும் அலுவலகமே அதைச் சூழ்ந்துகொண்டது. பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கருத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். பழையதைவிடக் குட்டை என்றார் ஒருவர். சத்தமே இல்லையே, ஓடுகிறதா இல்லையா என்றார் இன்னொருவர். அக்கவுண்ட்ஸ் அம்மா மட்டும் தள்ளி நின்று, "பார்க்க நல்லாத்தான் இருக்கு. வேலை செய்யுமா?" என்று கேட்டார். கேட்டது இயந்திரத்தைப் பற்றியா, அதைப் பொருத்த வந்தவளைப் பற்றியா என்பது அவருக்கே வெளிச்சம்.

பொருத்த வந்தவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் சிஸ்டம், அவ்வளவுதான். "சிஸ்டம், நெட் வரல." "சிஸ்டம், பிரிண்டர் தாளை முழுங்கிடுச்சு." "சிஸ்டம், என் பாஸ்வேர்டு என்ன?" குழாயும் வாஷ்பேசினும் மொத்தமாக விற்கிற கம்பெனி அது. முன்னால் அலுவலகம், நடுவில் லாரி திரும்புகிற முற்றம், எதிர்ப்பக்கம் கிடங்கு. இந்த வளாகத்தில் கம்பி வழியாக ஓடுகிற எதுவும் அவள் பொறுப்பு. ஓடாவிட்டால் அவள் குற்றம்.

வேலையைக் கேட்டால் சுலபமாகத்தான் தோன்றும். பில்லை இயந்திரத்தில் வைத்துத் திரையில் 'கணக்கு' என்று இருப்பதைத் தொட்டால், அது ஃபைலாகி சர்வரில் கணக்குப் பிரிவின் ஃபோல்டரில் போய் விழ வேண்டும். 'கிடங்கு' என்பதைத் தொட்டால் கிடங்கின் ஃபோல்டரில். எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்பதையும் அவள்தான் சர்வருக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஆனால் இயந்திரமும் சர்வரும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும்போது புதுச் சம்பந்திகள் மாதிரி. எந்த வார்த்தைக்கு எது முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லவே முடியாது. அன்றைக்கும் அப்படித்தான். பாதையைச் சரிபார்த்தாள், பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள், ஓர் இணைப்பு முறைக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப் பார்த்தாள். திரையில் அதே வாசகம்: இணைக்க முடியவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றும் ஓடவில்லையென்றால் எல்லாக் கதவையும் எல்லாருக்கும் திறந்துவிட்டுவிடுவார்கள். ஓடுகிறதா பார், ஓடினால் பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளலாம் என்பது கணக்கு. திறந்தவர் மூடுவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. அவளும் திறந்துவிட்டாள். ஸ்கேன் ஃபோல்டர் முழுவதையும், அனைவரும் பார்க்கலாம் என்று.

இன்னொரு பழக்கமும் உண்டு. சோதித்துப் பார்க்கக் கைக்கு அகப்பட்ட தாளைச் சொருகிவிடுவது. கைப்பையைத் துழாவியபோது அகப்பட்டது ஒரே ஒரு தாள், ஒரு வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு நகல் வேண்டும் என்று பையில் வைத்திருந்தாள். பழைய இயந்திரத்தில், 'எழுத்து கீழே பார்க்க வைக்கவும்' என்று அவளே எழுதி ஒட்டியிருந்த சீட்டை அன்று காலையில்தான் கவனமாகப் பிய்த்துப் புதியதன் நெற்றியிலும் ஒட்டியிருந்தாள். வருஷக்கணக்கில் பழகிய கை தாளை மேல்தட்டில் அப்படியே வைத்தது. பொத்தானைத் தொட்டாள். தாள் உள்ளே போய் வெளியே வந்தது. சர்வர் திரையில் 'டெஸ்ட் 3' என்று ஒரு ஃபைல் வந்து விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தியேவிட்டாள். ஃபைலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. வந்து விழுந்ததே பெரிய காரியம். அதே நேரம் மேனேஜர் தம் அறையிலிருந்து தலையை நீட்டி, தம் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் திடீரென்று பெரிதாகிவிட்டது என்று முறையிட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அங்கே ஓடினாள். திறந்த கதவு திறந்தபடி கிடந்தது.

அந்தத் தாளில் இருந்தது அவள் வீட்டு முகவரி என்றால் இந்தக் கதையே இல்லை. இருந்தது அவள் தங்கையின் முகவரி; பள்ளியில் சேர வேண்டியது தங்கையின் குழந்தை. அதை அறிந்தவர்கள் வீட்டின் சொந்தக்காரரையும், தங்கையின் கேஸை நடத்துகிற வக்கீலம்மாவையும் தவிர அவள் ஒருத்திதான். அறியக்கூடாதவன் ஒருவன் இருந்தான். அவன் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், கிடங்கில் உட்கார்ந்திருந்தான்.

அவனைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்ததும் அவள்தான். கிடங்கு இன்சார்ஜ், சிரித்த முகம், சிகரெட்கூடக் கிடையாது, எல்லாரையும் அக்கா, அண்ணா என்று உறவு வைத்துக் கூப்பிடுகிறவன். நல்ல பையன் என்று தங்கைக்குப் பேசி முடித்தாள். அந்தச் சிரித்த முகம் வீட்டுக் கதவைத் தாழிட்டபின் எப்படி மாறும் என்று தங்கை வருஷக்கணக்கில் வாயே திறக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் முனை அவள் முழங்கைக்குக் கீழே பதிந்த அன்றுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்க போனாலும் வந்து நிப்பேன், புள்ளையத் தூக்கிட்டுப் போவேன்" என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். கேஸ் விசாரணைக்கு வரும்வரை இருக்கிற இடத்தை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அலுவலகத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவன் அவ்வளவு நல்லவன். அதனால் அவள் தன் வழியில் காவல் காத்தாள். வெளியூருக்குச் சரக்கு போகும் நாட்களில் அவனும் லாரியோடு போவான். லாரி அட்டவணை சர்வரில் இருக்கும். அவன் பெயருக்கு நேரே வெளியூர் என்று பதிவாகியிருக்கிற நாளில் மட்டும், லாரி வெளியே போனதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஸ்கூட்டரைத் தொடாமல் பஸ் மாறிப் பஸ் ஏறி, தங்கை வீட்டுக்குப் போவாள். மற்ற நாளில் அந்தத் திசைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சர்வர் அறைக்கு வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயையோ, ஃபோல்டரை மூடவில்லையே. உட்கார்ந்த வேகத்தில், எந்தெந்த ஃபைலை யார் யார் இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற பட்டியலைத் திறந்தாள். கணக்கு, விற்பனை, மேனேஜர் என்று வழக்கமான வரிகள். கடைசியில் ஒரு வரி. திறந்திருப்பவர்: கிடங்கு இன்சார்ஜ். ஃபைல்: டெஸ்ட் 3.

அந்த வரி அசையாமல் நின்றது. அவன் இந்த நிமிஷம், முற்றத்துக்கு அந்தப் பக்கம், அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதவு எண், தெரு, வீட்டின் சொந்தக்காரர் பெயர், குடியிருப்பவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர்.

அந்த வரியைப் பிடித்து இணைப்பை அறுத்தாள். ஃபோல்டரின் எல்லாக் கதவையும் ஒரே அடியாக மூடினாள். டெஸ்ட் 3-ஐ அழித்தாள். எல்லாம் அரை நிமிஷ வேலை. காலையிலேயே செய்திருக்க வேண்டிய அரை நிமிஷ வேலை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரார் சும்மாவா சொன்னார்கள்?

மேஜைமேல் இண்டர்காம் அடித்தது. சின்னத் திரையில் கிடங்கின் எண்.

எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். எடுத்தாள்.

"அக்கா, நான்தான்." அதே இனிப்புக் குரல். "புது ஃபோல்டர் ஒண்ணு வந்துருந்துச்சு. சரி, நம்ம டெலிவரி சீட்டு எதாவது விழுந்துருக்கான்னு பார்த்தேன். டெஸ்ட்னு ஒரு ஃபைல். பார்த்துட்டே இருக்கேன், பட்டுனு மறைஞ்சுடுச்சு. நீங்களா மூடினீங்க?"

"ஆமா. சர்வர்ல வேலை நடக்குது." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். பயம் விட்டால்தானே? "என்ன இருந்துச்சு அதுல?" என்று கேட்டுவிட்டாள்.

கிடங்கில் யாரோ பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்க்கா," என்றான் மெதுவாக. "என்ன இருக்கணும்?"

அவள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"சரி, விடுங்க. தங்கச்சியும் பாப்பாவும் சௌக்கியம்தானே?" என்று கேட்டு வைத்துவிட்டான்.

தங்கையைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சர்வர் அறையின் குட்டி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கிடங்கின் ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது, உள்ளே இருட்டு, அவன் நாற்காலி தெரியவில்லை. போலீஸுக்குச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? ஆபீஸில் ஒருத்தர் ஒரு ஃபைலைத் திறந்தார் என்றா? தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இரு, இல்லையென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்று யாராவது தங்கையிடம் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் அவள் ஒருத்திதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"சிஸ்டம்!" அக்கவுண்ட்ஸ் அம்மா ஸ்கேனர் பக்கத்திலிருந்து கூவினார். "வேலை செய்யுமான்னு கேட்டேனே, பார்த்தியா? நானும் எத்தனை தடவை வைக்கிறேன், வெறும் வெள்ளையாவே அனுப்புது!"

"வந்து பார்க்கிறேம்மா!" என்றாள். காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை.

பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். இத்தனை நாள் ஒரு தரம்கூட அந்தத் திசையில் திரும்பாத ஸ்கூட்டர் அது. பெரிய ரோட்டில் ஏறியபோது அவளுக்கு வண்டி ஓட்டுகிறோம் என்ற நினைவே இல்லை. மனசு ஏற்கெனவே அந்த மாடி வீட்டின் படியேறிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தால்? குழந்தையின் செருப்பு ஒன்று மட்டும் படியில் கிடந்தால்? ஒரு லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் திட்டிவிட்டுப் போனான். என்ன திட்டினான் என்றுகூடக் கேட்கவில்லை.

சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தாள். நான்கு வண்டி தள்ளி ஒரு கறுப்பு பைக். சிவப்பு ஹெல்மெட், இடது பக்கம் கீறல். அந்தக் கீறல் எப்படி விழுந்தது என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அந்த ஹெல்மெட்டைத்தான் அவன் அவளை நோக்கி எறிந்தான்.

அவன் கிளம்பிவிட்டான். முகவரியைப் படித்துவிட்டான், கிளம்பிவிட்டான். பச்சை விழுந்ததும் முறுக்கினாள். அவன் வண்டி இவளுடையதைப் போல இரண்டு மடங்கு வேகம் போகும். எந்த நிமிஷமும் தாண்டிப் போய்விடுவான், அவளுக்கு முன்னால் போய் அந்தக் கதவைத் தட்டுவான், தங்கை அக்காதான் வந்திருக்கிறாள் என்று திறப்பாள். அடுத்த சிக்னல் தாண்டியது. பள்ளிக்கூடத்தின் நீளச் சுவர் தாண்டியது. அவன் தாண்டவில்லை. அவள் வேகம் குறைத்தாள். அவனும் குறைத்தான். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவனும் பின்னால் ஒதுங்கினான்.

தங்கையின் தெருவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. டிக், டிக் என்று அது அடிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த எண்ணம் அவளை அறைந்தது.

வழி தெரிந்தவன் முன்னால் போவான். இவன் ஏன் பின்னால் வருகிறான்?

வெறும் வெள்ளையாவே அனுப்புது.

புது இயந்திரத்தின் மேல்தட்டில் எழுத்து மேலே பார்க்க வைக்க வேண்டும். பெட்டியைப் பிரித்தபோது படம் போட்டுக் காட்டியிருந்ததே, பார்த்தாளே. பார்த்துவிட்டு, பழைய சீட்டை அல்லவா ஒட்டினாள்! தாளின் வெற்று முதுகைத்தான் அது படம் பிடித்திருக்கிறது. அவன் பார்த்தது ஒன்றுமே இல்லாத ஒரு வெள்ளைப் பக்கம். வெள்ளைப் பக்கத்தை எதற்கு இவ்வளவு பதறிப் பிடுங்குகிறாள், என்ன இருந்தது என்று எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்திருக்கிறான். யோசிக்க அவனுக்கு அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை. ஜன்னலிலிருந்து அவள் தேடியபோது அவன் பைக் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

அவனுக்கு வழி தெரியாது. வழிகாட்ட ஒருத்தி முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள்.

இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அணைத்தாலும் தப்பு, திரும்பினால் அதைவிடத் தப்பு. தெருவுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதற்குள் திருப்பினாள். கால் இரண்டையும் தரையில் ஊன்றிய பிறகும் உடம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

பைக்கும் உள்ளே வந்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"என்னக்கா, பறந்து வரீங்க? ரெண்டு சிக்னலா ஹாரன் அடிக்கிறேன், கேக்கல."

அவன் ஹாரன் அடிக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சு. அதான்," என்றாள்.

பங்க் ஊழியர் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். "மேடம், நுனி வரைக்கும் இருக்கே. இதுல எங்க ஊத்துறது?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அக்காவுக்கு ஞாபக மறதி வந்துடுச்சு அண்ணா." பிறகு அக்கம்பக்கம் நிதானமாகப் பார்த்தான். மருந்துக் கடை, சைக்கிள் கடை, பள்ளிவிட்டுத் திரும்பும் பிள்ளைகள். "நல்ல ஏரியா. ஸ்கூல்கூடப் பக்கத்துலயே இருக்கு, இல்ல?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், சைக்கிள் கடையை அடுத்த கட்டடத்தின் மொட்டை மாடியில், ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் மஞ்சள் கவுனை உதறி, கொடியில் போட்டு, கிளிப்பை வாயிலிருந்து எடுத்து மாட்டினாள். நின்ற நிலையை வைத்தே தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளை அடையாளம் காண முகம் எதற்கு? போனை எடுக்காமல் போனதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. பிழிந்த துணியோடு மாடிக்குப் போயிருக்கிறாள், போன் கீழே கிடந்திருக்கும்.

அவன் தலையைத் திருப்பினால் போதும். திருப்பவிடக்கூடாது.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றாள். "கிடங்கை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"அது கெடக்கு. உங்க முகம் சரியில்லாம ஓடினீங்களா, பயந்துட்டேன். தங்கச்சிக்கு ஏதாவதோன்னு." ஒரு அடி பக்கத்தில் வந்தான். குரல் இறங்கியது. "எத்தனை நாள்தான் அடைகாப்பீங்க? சொல்லிடுங்கக்கா. நான் என்ன கடிச்சா தின்னப் போறேன்? என் புள்ளைய நான் பார்க்க வேணாமா?"

மாடியில் மஞ்சள் கவுன் ஆடியது. தங்கை குனிந்து வாளியிலிருந்து அடுத்ததை எடுத்தாள். அவனுடைய கழுத்து லேசாகத் திரும்பியது போலிருந்தது. அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அவன் முகத்துக்கு நேராகவே மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், நான் சிஸ்டம் பேசுறேன். கிடங்குல ஆளே இல்ல சார். ஷட்டர் முழுசாத் திறந்து கெடக்கு. கம்ப்யூட்டரும் திறந்தபடி இருக்கு. புது வாஷ்பேசின் லோடு வேற இன்னும் வாசல்லயே இருக்கு. எதாவது காணாமப்போச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

மேனேஜருக்குக் கம்ப்யூட்டர் புரியாது. வாஷ்பேசின் நன்றாகப் புரியும். அவள் போனை வைத்த கையோடு அவன் சட்டைப்பையில் போன் அலறியது. அவன் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கிற அளவுக்கு மேனேஜரின் குரல் வந்தது. "இல்ல சார். இதோ சார். டீ குடிக்கத்தான் சார்." அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து முழுசாக இறங்கியதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். தங்கை தினமும் பார்த்த முகம் இதுதான் என்று புரிந்தது.

அவன் ஹெல்மெட்டை மாட்டி வண்டியைத் திருப்பினான். திருப்பும்போது பைக் அந்தக் கட்டடத்தை நேராகப் பார்த்து ஒரு வட்டம் அடித்தது. அவள் மூச்சை விடவில்லை. மாடியில் தங்கை ஒரு போர்வையைக் கொடி முழுக்க விரித்துப் போட்டாள். போட்டவள் அதற்குப் பின்னால் மறைந்து போனாள்.

"வரேன்க்கா," என்றான் அவன், ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு. "எந்தப் பக்கம்னு தெரிஞ்சாச்சு. இனிமே தேட ரொம்ப அலைய வேண்டாம்."

அவன் போன பிறகும் அவள் அந்தக் கட்டடத்தின் பக்கம் போகவில்லை. எந்த மூலையில் திரும்பி நின்று பார்க்கிறானோ, யார் கண்டது? பங்க் ஊழியர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த வழியே அலுவலகத்துக்குத் திரும்பினாள். தங்கையின் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. கூப்பிடாமல் வந்தாள்.

சர்வர் அறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடி தங்கைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. அழித்த ஃபைலைக் குப்பைக் கூடையிலிருந்து மீட்டாள். டெஸ்ட் 3. திறந்தாள். வெள்ளை. கீழே ஓரத்தில் மட்டும் தாள் மடிந்த இடத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்திருந்தது. ஓர் எழுத்துக்கூட இல்லை. ஸ்கேனர் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. அப்போது சிரிப்பாக இருந்த பழமொழி.

போன் அதிர்ந்தது. தங்கை.

"என்னக்கா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே! மாடியில துணி போட்டுட்டு இருந்தேன். என்ன ஆச்சு?"

"வாசலைத் தாழ் போட்டியா?"

"போட்டிருக்கேன். என்னக்கா? குரல் ஏன் இப்படி இருக்கு?"

"வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணு. இன்னைக்கே வேற இடம் பார்க்கணும். அவங்களே வண்டி அனுப்பட்டும். அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் போகாதே, பாப்பாவை வெளியில விடாதே. அவன் உங்க ஏரியா வரைக்கும் வந்துட்டான்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ எண்ணி விளையாடுகிற குரல் மட்டும் வந்தது. நான்கிலிருந்து நேராக ஏழுக்குப் போனது.

"எப்படிக்கா?" என்றாள் தங்கை. அழவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்த குரல். "எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?"

சொல்வதற்குப் பொய் தயாராக இருந்தது. ஸ்கேனரில் ஒரு கோளாறு, ஃபைல் ஒன்று வெளியே போய்விட்டது. அவள் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். இந்த வேலையில் அது ஒரு வசதி.

"நான்தான்டி," என்றாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சுப் பயந்துட்டேன். உன்னைப் பார்க்க ஓடி வந்தேன். என் பின்னாடியே வந்துட்டான். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

இங்கே சர்வரின் விசிறி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அக்கவுண்ட்ஸ் அம்மா யாரிடமோ புது மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பாவுக்கு இங்க ஒரு ஃப்ரெண்டு கிடைச்சிருந்தா," என்றாள் தங்கை கடைசியில். "சரி. பரவாயில்ல. எடுத்து வைக்கிறேன்."

"நான் சாயங்காலம்..."

"நீ வராதேக்கா." அவசரமாகச் சொன்னாள். பிறகு குரலை மெல்லமாக்கிக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. புது இடம் எங்கன்னு உங்கிட்டயும் சொல்ல மாட்டேன். கேஸ் முடியிற வரைக்கும்."

"பெரியம்மாவா? குடு, குடு!" என்று பின்னால் குழந்தை கத்தியது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லாதே," என்றாள். "நான் கேட்டாலும் சொல்லாதே."